சாத்தான் வேஷமும் சரீரச் சிறையும்

தீமையின் உருவத்தைத் தீட்டிக் காட்டுகிறவன் தீமையை வணங்குகிறவன்தானா என்னும் கேள்வி சமயங்களுக்குப் புதிதன்று. ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களில், வழிபட வந்த குடியானவன் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் கண்ணில் படும்படி, பாவிகளைச் சங்கிலியால் பிணைத்து நரகத்தின் வாய்க்குள் இழுத்துச் செல்லும் பேய்களைச் சுவர் நிறைய எழுதிய சித்திரக்காரனைத் திருச்சபை சாத்தானின் அடியவனாகக் கருதவில்லை. அவனை அழைத்துச் சுவரைக் கொடுத்ததே திருச்சபைதான். அதே பேய், 1980களில் மின்சார கிட்டாரின் பேரொலியோடு தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்து நின்றபோது, சமயப் பற்றுள்ள அமெரிக்கக் குடும்பங்கள் பல கலங்கின. அந்தக் கலக்கத்தை நான் இகழ மாட்டேன்; ஆனால் அது பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பது என் துணிபு.

1981 ஆகஸ்டு முதல் தேதியன்று, இராப்பகலாகப் பாட்டுப் படங்களையே ஒளிபரப்பும் எம்டிவி அமெரிக்காவில் தொடங்கிற்று. அதுவரை பெரும்பாலும் செவிவழியே அறியப்பட்டிருந்த ஹெவி மெட்டல் என்னும் அந்தப் பேரொலி இசைக்கு அதனால் வீடுதோறும் ஒரு முகம் கிடைத்தது. மறு ஆண்டு, இங்கிலாந்தைச் சேர்ந்த அயர்ன் மெய்டன் குழுவினர் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ என்ற பாட்டை வெளியிட்டு, பழைய திகில் படங்களின் துண்டுக் காட்சிகளைத் தங்கள் மேடைக் காட்சியோடு கலந்து அதற்கு வீடியோவும் எடுத்தனர். பாட்டை எழுதிய ஸ்டீவ் ஹாரிஸ், தாம் கண்ட ஒரு கெட்ட கனவிலிருந்து அது பிறந்ததாகச் சொன்னார். கனவில் பயந்தவன் தன் பயத்தைப் பாடினான். அதைச் சாத்தான் வழிபாடு என்று கொண்டு, சில சமயக் குழுவினர் இசைத்தட்டுகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். அந்தப் பாட்டின் முகப்பில் ஒலிக்கும் வாசகமோ அவர்கள் வேதத்தின் கடைசி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து எடுத்தது. தொல்காப்பியர் அச்சத்தையும் இளிவரலையும் பெருமிதத்தோடும் உவகையோடும் ஒரே வரிசையில் மெய்ப்பாடுகளாக வைத்தார். அஞ்சத்தக்கதைக் கலையில் கண்டு அஞ்சுவது மனித இயல்பு என்று அவர் அறிந்திருந்தார். அஞ்சுவது ஆராதிப்பதாகாது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு கை முத்திரையே போதிய சாட்சி. சுட்டு விரலையும் சுண்டு விரலையும் நிமிர்த்தி மற்றவற்றை மடக்கும் அந்த முத்திரையை ஹெவி மெட்டல் ரசிகர்களிடையே பரப்பிய பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ, அதை இத்தாலிய வம்சத்தவரான தம் பாட்டியிடமிருந்து கற்றதாகவும், கண்ணேறு படாமல் காக்கவே பாட்டி அதைக் காட்டுவார் என்றும் கூறினார். திருஷ்டி கழிக்கும் ஒரு கிழவியின் விரல்கள், கேமராவின் முன் வந்ததும், பிசாசின் கொம்புகள் என்று வாசிக்கப்பட்டன.

விவகாரம் அரசாங்கம் வரைக்கும் போயிற்று. 1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க செனட் குழு ஒன்றின் முன் ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் பாடகர் டீ ஸ்னைடர் வந்து நின்று, தாம் கிறிஸ்தவராகவே வளர்ந்தவர், இன்றும் அந்தக் கொள்கைகளைக் கைக்கொள்பவர் என்று சொன்னார். காமக் கொடூரத்தைப் பாடுவதாகப் பழி சுமத்தப்பட்ட தம் பாட்டொன்று உண்மையில் சத்திர சிகிச்சைக்குப் போகிறவனின் அச்சத்தைப் பற்றியது என்றும், கேடு தேடுகிறவன் கேட்டையே காண்பான் என்ற பொருள்படவும் பேசினார். இத்தகைய பாட்டுகளுக்கு எதிராக அந்த ஆண்டு எழுந்த கிளர்ச்சியால் இசைத்தட்டு உறைகளில் ஏறிய பெற்றோர் எச்சரிக்கை முத்திரை நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. வேஷத்தையே விசுவாசமாகக் கொண்டவர்களும் பின்னர் தோன்றினார்கள். 1992இல் நார்வேயின் ஃபான்டோஃப்ட் என்னுமிடத்துப் பழைய மரத் தேவாலயம் தீவைத்து எரிக்கப்பட்டது. அந்நாட்டில் அக்காலத்தில் நடந்த இத்தகைய தீவைப்புகளுக்காகப் ஹெவி மெட்டலின் கிளையான பிளாக் மெட்டல் இசையைச் சார்ந்த இளைஞர் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். படிமத்தைப் படிமம் என்று அறியாமல் மெய்யென்று கொண்ட வகையில், தேவாலயத்தைக் கொளுத்தியவனும் இசைத்தட்டைக் கொளுத்தியவனும் ஒரே பிழையைச் செய்தார்கள். விளைவில் முன்னவன் செய்தது மிகக் கொடியது.

என் மனத்தை நெடுநாளாகப் பற்றியிருக்கும் பாட்டுப் படம் வேறொன்று. அதுவரை வீடியோ எடுப்பதில்லை என்று விலகியிருந்த மெட்டாலிகா குழுவினர் 1989இல் ‘ஒன்’ என்ற பாட்டுக்கு முதன்முதலாக ஒன்றை எடுத்தபோது, எழுத்தாளர் டால்டன் ட்ரம்போ தம் நாவலைத் தாமே 1971இல் திரைப்படமாக்கிய ‘ஜானி காட் ஹிஸ் கன்’னின் காட்சிகளை, தாங்கள் வாசிக்கும் கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்கு இடையே வைத்தார்கள். முதல் உலகப் போரில் குண்டு பட்டுக் கையும் காலும் கண்ணும் செவியும் நாவும் இழந்து, மருத்துவமனைக் கட்டிலில் சிந்தனை மட்டும் எஞ்சிக் கிடக்கும் இளைஞன் ஒருவனின் கதை அது. புலன்களை அடக்கினால் ஆன்ம தரிசனம் கிட்டும் என்று யோகியர் சொல்வர். புலன்கள் பிடுங்கப்பட்ட இவனுக்குக் கிட்டியதோ தரிசனம் அன்று, இன்னோர் உயிரின் ஸ்பரிசத்துக்கான தாகம். திரைப்படத்தில், ஒரு தாதி தன் விரலால் அவன் மார்பின்மீது ஒவ்வோர் எழுத்தாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்தை எழுதுகிறாள். உள்ளே கிடப்பவன் எழுத்தெழுத்தாகக் கூட்டி அதை உணர்ந்துகொள்கிறான். அவன் பதிலுக்குத் தலையைத் தலையணையில் மோதி மோதி மோர்ஸ் தந்திக் குறிகளில் பேசுகிறான்: என்னை வெளியே கொண்டுபோய் உலகுக்குக் காட்டுங்கள், இல்லையேல் கொன்றுவிடுங்கள் என்று. கேட்பவர் உண்டா என்று அறியாமலே இடைவிடாது அனுப்பப்படும் அந்தக் குறிகளைப் பிரார்த்தனை என்றல்லாமல் வேறெப்படிச் சொல்வது? கனவில் அவன் கிறிஸ்துவிடமும் கேட்கிறான். அவரிடமும் அவனுக்குப் பரிகாரம் இல்லை.

அந்தப் படத்தில் கொம்புள்ள பேய் எதுவும் இல்லை. அவன் விண்ணப்பத்தைக் கேட்டும் இருட்டறையில் விட்டுச் செல்கிறவர்கள் ஒழுங்கான உடுப்பணிந்த அதிகாரிகள். துன்பத்தில் இறைவனைக் கேள்வி கேட்ட யோபுவின் கதையை வேதமாக வைத்துப் போற்றும் ஒரு சமயம் தன்னுடையதென்று ஏற்றுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வியை, பிசாசின் இசை என்று தூற்றப்பட்டவர்கள் வீட்டுக் கூடங்களுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். எந்தச் சமயத்தைச் சார்ந்தவர்களாயினும் பெரியோர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: உங்கள் வீட்டுப் பிள்ளை அதைப் பார்க்கையில் நிறுத்தச் சொல்லாமல் அருகே அமர்ந்து முடிவுவரை நீங்களும் பாருங்கள், அந்தப் போர்வீரனின் விண்ணப்பத்துக்கு உங்கள் சமயம் என்ன விடை வைத்திருக்கிறதோ, அதை அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.