நன்றி என்னும் வாய்ப்பூட்டு

நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. 2004-இல் பத்தாம் வகுப்பு முடித்த மாணவியரெல்லாம் ஒன்றுகூடுகிறார்களாம். நினைவு மலர் போடுகிறார்களாம். "நீதான் எம்.ஏ. தமிழ் படிச்சவ, பத்திரிகையில எழுதுறவ. மொதக் கட்டுரை உன்னுதுதான்" என்று போனில் சொன்னாள் பழைய வகுப்புத் தலைவி. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'என் பள்ளிக்கு நான் ஏன் நன்றியுள்ளவள்?' இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

ஒரு மாதமாக அந்த இரண்டு பக்கத்தை எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. நமக்கு நன்மை செய்தவர்கள் இன்னொருத்திக்குத் தீங்கு செய்தால், அதைக் கேட்பது நன்றி கொன்றதாகுமா? கேட்காமலிருப்பதுதான் நன்றியா? மிஷன் பள்ளிக்கூடத்து வாசல் வழியாக மேலே வந்த நம்மில் பலர் இந்தக் கேள்வியை விழுங்கிக்கொண்டுதான் வாழ்கிறோம். மலரில் இதற்கு இடமிருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பட்ட கடனைச் சொல்லிவிட வேண்டும். என் அப்பாயி கைநாட்டு. அம்மா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர். நான் எம்.ஏ. இந்த மூன்று தலைமுறைக்கு நடுவில் சிஸ்டர்கள் இருக்கிறார்கள், மறுக்க முடியாது. ஊர்த்தெருக்காரர்கள் நம்மைத் திண்ணையில் ஏற்றாத காலத்தில் பலகையும் பல்பமும் கொடுத்தவர்கள் அவர்கள். எனக்குத் தமிழ் எடுத்த சிஸ்டர் தன் அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துத் தருவார். ஒருமுறை திருச்சியில் பேச்சுப் போட்டி. தலைவிரி கோலமாகப் போய் நின்ற என்னை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை பின்னிவிட்டார். தண்ணீர் கேட்டால் தூக்கி ஊற்றுகிற கைகளைத்தான் அதுவரை எனக்குத் தெரியும். என் தலையைத் தொட்ட முதல் வேற்றுக் கை அது. அந்தக் கையை இன்று நினைத்தாலும் கண் கலங்கிவிடும்.

இது ஒரு பக்கம். இரண்டாவது பக்கத்தில்தான் பேனா நிற்கிறது.

எங்கள் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்கு என்னோடு இன்னொருத்தி வந்தாள். ஒரே பெஞ்சு, ஒரே தூக்குச்சட்டி. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயிலில் நாங்கள் இருவரும் சேரிக்காரர்களுக்கென்று விட்ட இடது பக்கத்தில்தான் முழங்காலிடுவோம். ஆனால் பள்ளிப் பதிவேட்டில் அவள் இந்து ஆதிதிராவிடர், நான் கிறித்தவப் பெண், பி.சி. காரணம் எளிது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவர்களைச் சேர்க்கவில்லை. மதம் மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சர்க்கார் சலுகை போய்விடக் கூடாதே என்று அவள் அப்பா ஒரு சான்றிதழ் வாங்கினார். ஞானஸ்நானப் பெயரை மறைக்கக் கூடாது என்று என் அப்பா வேறு சான்றிதழ் வாங்கினார். இரண்டு அப்பன்மார்களும் பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் செய்தார்கள்.

அதன் விளைவு பள்ளியில் தெரிந்தது. மறைக்கல்வி வகுப்பு மணி அடித்தால் நான் கத்தோலிக்கப் பிள்ளைகளோடு போவேன். அவள் நன்னெறி வகுப்புக்குப் போவாள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கென்று இருந்த கட்டணச் சலுகை எனக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. ஊர்க் கோயிலில் சாதி எங்களை ஒன்றாக உட்கார வைத்தது. பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் எங்களைப் பிரித்து வைத்தது.

ஒன்பதாம் வகுப்பு முடிந்தது. 2003, மே மாதம். அவளுக்குக் கணக்கு வராது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பள்ளி வாசலில் பேனர் கட்ட வேண்டும். அதற்குப் பத்தாவதில் நல்லாச் சொல்லித்தருவது ஒரு வழி. தேறாத பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே அனுப்பிவிடுவது சுலபமான வழி. 'சொந்த விருப்பத்தின் பேரில் டி.சி. வாங்கிக்கொள்கிறேன்' என்று யாரோ எழுதிய தாளில் அவள் அம்மா கைநாட்டு வைத்தார். அன்று நான் நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். தமிழ் சிஸ்டர்தான் வந்து, "அவ பெஞ்சுல இருக்கிற நோட்டுப் புத்தகத்தையெல்லாம் எடுத்துட்டு ஆபீசுக்கு வா" என்றார். நான் தூக்கிக்கொண்டு போனேன். மேசையில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டர் சன்னலைப் பார்த்தார்.

ஏன் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நன்றி. சடை பின்னிவிட்டவரிடம், சலுகை வாங்கித் தந்தவரிடம் எப்படிக் கேட்பது? என் வாயைக் கட்டியது பிரம்பு இல்லை, எனக்குச் செய்த நன்மைதான்.

அதே சிஸ்டர்தான் எங்களுக்குத் திருக்குறளில் 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தை நடத்தினார். பத்துக் குறளையும் ஒப்பிக்க வைத்தார். எம்.ஏ. படிக்கிறபோதுதான் ஒன்று புரிந்தது. பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. செய்ந்நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மை. அதை 'அறிதல்' என்றுதான் அதிகாரத்துக்குப் பெயர். பணிதல் என்று பெயரில்லை, வாய்மூடல் என்று பெயரில்லை. ஒரு நன்மையை அறிவது என்றால் அதை முழுசாக அறிய வேண்டும். யார் செய்தது, யார் காசில் செய்தது, யாருக்குச் செய்தது, யாரை விட்டுவிட்டுச் செய்தது என்றெல்லாம் கேட்காமல் எப்படி அறிய முடியும்?

அப்படிக் கேட்கலாம். எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுத்தது. பாடப்புத்தகமும் மதியச் சோறும் அரசு கொடுத்தது. அந்தப் பணத்தில் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிற என் அப்பாயியின் காசும் உண்டு. பள்ளியை நடத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்தது. அந்தச் சிறுபான்மைக் கணக்கில் தலைகளாக எண்ணப்படுகிறவர்களில் பெரும்பகுதி நாம்தான். தலை எண்ணும்போது நாம் கத்தோலிக்கர், டி.சி. கொடுக்கும்போது மட்டும் நாம் அந்நியரா? 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அந்தச் சட்டமும் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாதி இந்து அதிகாரத்திடமிருந்து தப்பிக்க நமக்குத் தேவைப்பட்ட உரிமை, ஒன்பதாவது படிக்கும் நம் பெண்ணை வெளியே தள்ளுகிறவர்களுக்குக் கவசமாகிவிடக் கூடாது.

திருச்சபைக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. 1982-இல் இந்திய ஆயர் பேரவை திருச்சியில் கூடி, சாதிக்குக் கிறித்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தது. அதே திருச்சியின் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணத்தையும் சாதிக் கிறித்தவப் பிணத்தையும் பிரிக்கிற சுவர் அந்த அறிவிப்புக்குப் பின்னும் நின்றது. என் தோழிக்கு டி.சி. கொடுத்த அதே 2003-இல், நவம்பர் மாதம், போப் இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016-இல் ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டு, தலைமைப் பொறுப்புகளில் தலித்துகள் மிகக் குறைவு என்று ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டால் அது மனந்திரும்புதல். நாம் சொன்னால் அது நன்றி கெட்டத்தனமா?

வகுப்புத் தலைவியிடம் இதைக் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமாடி?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் தாத்தா பண்ணையாள். நல்ல நாளைக்கு ஒரு வேட்டி, இல்லாத நாளைக்குக் கொஞ்சம் கூழ் கொடுத்த ஆண்டை, கூலி கேட்டபோது சொன்ன சொல்லும் அதுதான். உழைத்தவனுக்குச் சேர வேண்டியதைத் தர்மம் போலக் கொடுத்து, அதற்கு விசுவாசத்தை வட்டியாக வாங்குவது ஆண்டைகளின் பழைய வித்தை. உரிமையைத் தர்மமாக்கி நீட்டினால், வாங்குகிறவரின் கழுத்து தானாகக் குனிந்துவிடும். குனிந்த கழுத்தையே நன்றி என்று நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சிஸ்டரின் கை ஆண்டையின் கை இல்லை. அதில் அன்பு இருந்தது. அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. ஆண்டையைக் கேட்கக் கோபம் போதும். அன்பு காட்டியவரைக் கேட்க வேறு துணிச்சல் வேண்டியிருக்கிறது.

போன வாரம் என் தோழியைப் பார்க்கப் போனேன். தனியார் ஆசுபத்திரியில் ஆயா வேலை. ஒன்றுகூடலுக்கு வாயேன் என்றேன். சிரித்தாள். "நான் அந்த செட்டே இல்லியேடி. பாசானவங்க கூடுற எடத்துல எனக்கென்ன வேல?"

பள்ளிக்கூடத்தின் மேல் கோபமில்லையா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஆறிப்போச்சு. அவுங்க நமக்கு யாரு? நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? எம் பொஸ்தகத்த நீதான தூக்கிட்டு வந்த."

இருபது ஆண்டுக்கு மேலாக அவள் வைத்திருந்த சொல் அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். "எழுது. ஆனா ஊர் பேரு, பள்ளிக்கூடத்துப் பேரு போட்டுறாத. எம் மக அங்கதான் எட்டாவது படிக்கிறா. சூன்ல ஒம்பதாவது. அவளுக்கும் கணக்கு வரல."

அதனால்தான் இந்தக் கட்டுரையில் எந்தப் பெயரும் இல்லை. அன்று நன்றி என் வாயைக் கட்டியது, இன்று பயம் அவள் வாயைக் கட்டுகிறது. நாளைக்கு அவள் மகளின் புத்தகத்தை எந்தப் பிள்ளை தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகுமோ தெரியாது.

எங்கள் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் 44 பேர் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் 61 பேர் இருந்தோம். மலரில் வரப்போவது அந்த 44 பேரின் நினைவுகள்தான். திரும்பிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் உள்ளே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள். வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மலர் கிடையாது. அவர்களை எண்ணாமல் நாங்கள் சொல்லும் நன்றி, 'என்னை அனுப்பாமல் விட்டீர்களே' என்பதற்கு மேல் வேறென்ன?

ஆகவே மலருக்கு இரண்டு பக்கம் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் என் தலையைப் பின்னிய கையைப் பற்றி எழுதுவேன், ஒரு சொல்லும் குறைக்காமல். இரண்டாம் பக்கத்தில் அந்த 17 பேரின் பெயரை எழுதுவேன். கீழே நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை: மதிப்பெண்ணைக் காட்டி இனி எந்தப் பெண்ணுக்கும் டி.சி. கொடுக்கமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். கூடவே என் தவறும் இருக்கும், புத்தகம் தூக்கியவள் நான் என்று. போட்டால் போடட்டும். போடாவிட்டால் ஒன்றுகூடல் அன்று, சிஸ்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து வாசிப்பேன். அவருக்கு நான் செலுத்தக்கூடிய நன்றி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று மாலை தோழியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெயர்களை ஞாபகப்படுத்தினோம். அவள் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 14 பெயர் வந்துவிட்டது. பதினேழில் பதினோரு பேர் நம் தெருக்களிலிருந்து வந்தவர்கள். மூன்று பெயர் எங்கள் இருவருக்குமே நினைவில் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறோம்.