நேசரின் தறியும் கொமரலிங்கத்துப் பிள்ளைகளும்

அறுபத்து மூவரில் நேச நாயனார் காம்பீலியைச் சேர்ந்த நெசவாளி. மனத்தைச் சிவனடியிலும் வாக்கை ஐந்தெழுத்திலும் வைத்துக்கொண்டு, கைத்தொழிலை அடியார்களுக்கு ஆக்கியவர். உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தார். அவர் கதையைச் சேக்கிழார் சில பாட்டுக்களிலேயே சொல்லி முடித்துவிடுகிறார். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தார். திருநீலகண்டர் மண்பாண்டம் வனைந்தார். தொழிலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஞானம் தேடப் போ என்று 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம் இவர்களில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனாலும் இன்றைக்கு வேலை செய்துகொண்டே படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் முகம் வாடுகிறது.

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதி ஆற்றங்கரையில் நெல் வயல்களுக்கு நடுவே இருக்கிறது கொமரலிங்கம் பேரூராட்சி. இங்கே பிளஸ் டூ முடித்த பிள்ளையின் கண்ணில் படுகிற வழிகள் இரண்டு. உடுமலைக்குப் பஸ் ஏறினால் கல்லூரி. கம்பெனி வேனில் ஏறினால் ஸ்பின்னிங் மில்லோ பனியன் கம்பெனியோ. சம்பளம் வாங்கிக்கொண்டு தொழில் கற்று, அந்த வேலையையே பாடமாகக் கணக்கில் வைத்துப் பட்டமும் பெறுகிற மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 1974இல் இந்த வழியைத் திறந்தது. மாணவர் சில மாதம் நிறுவனத்தில், சில மாதம் வகுப்பில். 2009இல் அந்த அமைப்பு பல்கலைக்கழகமாகவே உயர்ந்தது. பிரிட்டன் 2015இல் பட்டத்தோடு கூடிய தொழிற்பயிற்சியைக் கொண்டுவந்தது. அங்கே பயிற்சி பெறுபவர் ஊழியர். சம்பளம் உண்டு, கல்விக் கட்டணம் அவர் தலையில் விழாது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் இதற்கு வழிகாட்டுதல் கொடுத்து, 2025இல் புதுப்பித்தது. எச்.சி.எல். நிறுவனம் டெக்பீ திட்டத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்துகிறது. வேலையில் இருந்தபடியே அவர்கள் பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா போன்ற இடங்களில் பட்டம் படிக்கலாம். ஆக, வழி இருக்கிறது. அதை நம்பத் தயக்கமும் இருக்கிறது, அந்தத் தயக்கத்துக்கு நியாயமும் இருக்கிறது.

பெரியபுராணத்தையே மறுபடி பார்க்கலாம். அது தொழிலுக்கு மரியாதை கொடுத்தது. நெசவாளி நெசவாளியாகவே முக்தி பெற்றார், வண்ணார் வண்ணாராகவே பெற்றார். பிறந்த தொழிலை விட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளும் உரிமை பற்றி அங்கே பேச்சில்லை. புலைப்பாடியிலிருந்து தில்லைக்குள் போக ஆசைப்பட்ட நந்தனார் தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. கைத்தொழிலைப் புகழ்கிற பக்தி மரபில் இந்தக் குறை தொடர்ந்து வருகிறது.

1953இல் முதல்வராக இருந்த ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்திலும் அதே குறைதான். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் பாதி; மிச்ச நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். கையால் கற்பதும் கல்விதான் என்ற எண்ணத்தில் பிழையில்லை. எந்தத் தொழில் என்பதைப் பிறப்பு முடிவு செய்ததே பிழை. பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார், நாடு கொந்தளித்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். 70 ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தை அப்போதிருந்த வடிவில் ஏற்க முடியாது என்று தமிழ்நாடு அரசு சொன்னதற்கும் இதே காரணம்தான்: 18 வயதுப் பிள்ளையைக் குடும்பத் தொழிலை நோக்கித் தள்ளக் கூடாது.

இந்த வட்டாரத்தின் காயம் இன்னும் ஆழமானது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை மூன்று வருடத்துக்கு விடுதியில் வைத்து வேலை வாங்கின. அவர்களில் தலித் பெண்கள் ஏராளம். கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். பாதியில் நின்றால் அந்தப் பணம் கிடைக்காமல் போகும். ஏட்டில் அவர்களுக்கு அப்ரண்டிஸ் என்று பெயர். 2011இல் வெளிநாட்டு அமைப்புகளின் அறிக்கை வந்து, உலகத் துணிக் கடைகள் விழித்தன. கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லி மலிவாக வேலை வாங்கியவர்கள் இருந்த மண்ணில் பெற்றோர் சந்தேகப்படுவது அறியாமையல்ல, அனுபவம்.

சந்தேகம் ஒருபுறம் இருக்கட்டும்; கை கற்பதை அறிவு என்று சொல்லலாமா? திருப்பூரில் இதற்குப் பதில் கண்ணெதிரே கிடைக்கிறது. துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்க்க ஒரு வட்டக் கட்டர் வைத்திருப்பார்கள். துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டுப்படும். தராசில் அது 1.8 கிராம் என்றால் துணி 180 ஜி.எஸ்.எம். வருடக்கணக்கில் துணி பிடித்த கட்டிங் மாஸ்டர், தராசுக்குப் போகும் முன்பே இரண்டு விரலால் நிரடிப் பார்த்து ஏறக்குறையச் சொல்லிவிடுவார். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் ஏறாது. எடை 165தான் வருகிறதென்றால் ஏன் என்ற கேள்வி எழும்: நூல் கவுண்ட் மாறியதா, நிட்டிங்கில் லூப் நீளம் கூடியதா, காம்பேக்டிங்கில் அகலத்தை இழுத்துவிட்டார்களா? அதற்கு விரல் மட்டும் போதாது, கணக்கும் துணித் தொழில்நுட்பமும் வேண்டும். விரலில் ஏறியதையும் வகுப்பில் கேட்டதையும் இளம் வயதிலேயே ஒரே ஆளிடம் சேர்க்கிற படிப்பை, கல்லூரி கிடைக்காதவர்களின் படிப்பு என்று நினைப்பதற்கு முகாந்திரமே இல்லை.

கைமடி என்ற உதவியாளர் வேலையில் சேர்ந்து, டெய்லராகி, கான்ட்ராக்ட் எடுத்து, சொந்தமாக யூனிட் போட்டவர்கள் திருப்பூரில் உண்டு. அவர்களிடம் இருக்கிற தேர்ச்சிக்குப் பெரும்பாலும் சான்றிதழ் இல்லை. வேறு ஊருக்கோ வேறு தொழிலுக்கோ போக நினைத்தால் அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டம் அவசியமாவது இங்கேதான்.

எனவே கொமரலிங்கத்தில் ஒரு தாய், ‘வேலையோடு பட்டமும் தருகிறோம் என்கிற கம்பெனியில் சேர்த்துவிடலாமா?’ என்று பள்ளி ஆசிரியரைக் கேட்டால், ஆசிரியர் அந்த நிறுவனத்திடம் கேட்டறிந்து சொல்ல வேண்டியவை சில உண்டு. பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம்? உதவித்தொகை மாதாமாதம் பிள்ளையின் கணக்குக்கு வருமா, கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்கிறார்களா? வகுப்பு நாளில் ஓவர்டைம் போடச் சொல்வார்களா? ஒரு வருடம் கழித்து நிட்டிங் பிடிக்கவில்லை, வேறு படிப்புக்குப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் போக விடுவார்களா? படித்த வரைக்குமான கிரெடிட்டுகளைச் சேமித்து வேறு கல்லூரிக்குக் கொண்டுபோக 2021இல் வந்த கல்வி கிரெடிட் வங்கி விதிகள் இடம் தருகின்றன. அந்த ஏற்பாட்டில் சேராத கல்லூரியும், போகும் பிள்ளையிடம் பணம் பிடிக்கும் கம்பெனியும் என்றால், ஆசிரியர் அந்தத் தாயிடம் வேண்டாம் என்றே சொல்லலாம்.