வழி தெரிந்தால் வழி வகுத்தவனை மறுப்பதா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றத்தையும் பரிணாமத்தையும் படிக்கிறார்கள். பகலில் அதைப் படித்த பிள்ளை, மாலையில் மதரஸாவில் அல்லாஹ்வே யாவற்றையும் படைத்தான் என்று ஓதுகிறது. இரவில், "அத்தா, இரண்டில் எது சரி?" என்று கேட்கிறது. நம் வீடுகளில் இதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "அந்தப் பேச்சையே எடுக்காதே" என்ற அதட்டல். மற்றொன்று, "பரீட்சைக்கு அப்படி எழுது, மனத்தில் இப்படி வைத்துக்கொள்" என்ற உபாயம். அதட்டப்பட்ட பிள்ளை கேள்வியை விடுவதில்லை. நம்மிடம் கேட்பதைத்தான் விட்டுவிடுகிறது. உபாயம் கற்ற பிள்ளையோ உள்ளொன்றும் புறமொன்றுமாய் வாழப் பழகிவிடுகிறது. இரண்டுமே ஈமானுக்குக் கேடு அன்றோ?

கடிகாரத்தைக் கண்டால் அதைச் செய்தவன் ஒருவன் உண்டு என்று அறிகிறோம். அதுபோலக் கண்ணின் அமைப்பைக் கண்டால் படைத்தவன் உண்டு என்று அறியலாம் என்பார்கள். வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் 1802-இல் இவ்வாதத்தை விரிவாக எழுதினார். நம் பயான்களிலும் இதைக் கேட்கிறோம். படைப்பின் அழகைக் கண்டு படைத்தவனை நினைப்பது நல்லதே. ஆனால் சிலர் இதோடு நிற்பதில்லை. "பாதிக் கண்ணால் என்ன பயன்? ஆகவே கண் படிப்படியாக உண்டாகியிருக்கவே முடியாது" என்று சேர்த்துச் சொல்கிறார்கள். இடறல் இங்கேதான்.

துறையூரிலிருந்து கிழக்கே சென்றால் பெரம்பலூர். 1995 வரை அது நம் திருச்சி மாவட்டத்தோடு இருந்த பகுதி. அங்கே சாத்தனூரில் 18 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. காரை என்ற ஊரின் செம்மண் ஓடைகளிலும் அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கடல் உயிர்களின் ஓடுகள் கல்லாகிக் கிடைக்கின்றன. அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் கடல். அவற்றுள் ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் சுருண்டிருப்பவை அம்மோனைட்டுகள். அவை 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துவிட்டன.

அவற்றுக்குத் தூரத்து உறவான நாட்டிலஸ் என்ற உயிர் இன்றும் கடலில் வாழ்கிறது. அதன் கண்ணில் வில்லை கிடையாது; சிறு துளை மட்டுமே உண்டு. அந்தத் துளை வழியாக அது மங்கலாகக் காண்கிறது. அதற்கு அது போதும். பாதிக் கண்ணும் பயன்படும் என்பதற்கு உயிருள்ள சாட்சி அது. அப்படியிருக்க, பாதிக் கண் பயனற்றது என்று நாம் பிள்ளைக்குச் சொல்லிவைத்தால், நாளை கல்லூரியில் நாட்டிலஸைப் பற்றிப் படிக்கும்போது அந்தப் பிள்ளை எதைச் சந்தேகிக்கும்? நம் வாதத்தையா, மார்க்கத்தையா?

பிறக்கும் உயிர்களுக்குள் சிறு சிறு வேற்றுமைகள் உண்டு. சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துத் தம் தன்மையைச் சந்ததிக்கு விட்டுச் செல்கின்றன. நெடுங்காலத்தில் இதனால் பெரிய மாறுதல்கள் விளைகின்றன. 1859-இல் டார்வின் வெளியிட்ட நூலின் சாரம் இதுவே. இதை நம் வீட்டிலேயே காணலாம். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் சற்றுக் குணமானதும் பாதியில் நிறுத்திவிடுகிறார். மருந்தைத் தாங்கும் கிருமிகள் எஞ்சிப் பெருகுகின்றன. பிறகு அதே மருந்து பலிப்பதில்லை. இதை அறியாதிருப்பது உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் படைத்தவனுக்கு வேலை இல்லையா என்று கேட்கலாம். சகோதரர்களே! மழை எப்படிப் பெய்கிறது என்பது நம் பிள்ளைக்குத் தெரியும். கடல் நீர் ஆவியாகி மேகமாவதைப் படித்திருக்கிறது. ஆயினும் மழை பெய்தால் அல்லாஹ்வின் ரஹ்மத் என்கிறோம். தாயின் கருவில் ஒரு துளி கட்டியாகி, சதையாகி, எலும்பாகி, குழந்தையாவதைத் திருக்குர்ஆனே படிப்படியாக விவரிக்கிறது. நம்மில் ஒவ்வொருவரும் அந்தப் படிகளைக் கடந்தே வந்தோம். அதற்காக, "என்னை அல்லாஹ் படைக்கவில்லை, கருப்பைதான் உண்டாக்கியது" என்று எவரேனும் சொல்வோமா? பத்து மாதப் படிகள் படைத்தவனை மறைக்கவில்லை. பல கோடி ஆண்டுப் படிகள் மட்டும் எப்படி மறைத்துவிடும்? காரணம் தெரியாத இடத்தில் மட்டுமே அல்லாஹ்வைத் தேடுகிறவன், ஒவ்வொரு காரணம் தெரியவரும்போதும் தன் ஈமானில் ஒரு பங்கை இழப்பான். காரணங்களும் அவனுடைய படைப்பே என்று அறிந்தவனுக்கு இழப்பு ஏது?

மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் உண்டாயிற்று. அந்த மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று தெளிவுபடுத்தித் தொழுகைக்கு ஏவினார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் பொய்யான காரணத்தைத் துக்க நாளிலும் அவர்கள் அனுமதிக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் முன்னுரையில், கணக்கால் நிரூபணமான கிரகண விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறார் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

ஆதம் (அலை) அவர்களைப் பற்றி வஹீ அறிவித்ததை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். மனித உடலுக்கும் பிற உயிர்களுக்கும் உள்ள உறவுக்கு அறிவியலார் வலுவான சான்றுகளை முன்வைக்கிறார்கள். இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்பதில் உலமாக்களிடையே பல கருத்துகள் உண்டு. இதைப் பிள்ளையிடம் உள்ளபடியே சொல்வதில் தவறில்லை. படைப்பு எந்த வழியில் நடந்தது என்பதை அறிவியல் ஆராய்கிறது. எதற்காகப் பிறந்தோம், எவனிடம் மீளுவோம் என்பதை மண்ணும் கல்லும் சொல்லிவிட முடியாது. அதற்கு நமக்கு வேதம் இருக்கிறது.

ஆகவே, பெற்றோர்களே! பூமியில் சென்று படைப்பு எப்படித் தொடங்கிற்று என்று பார்க்கும்படி ஸூரா அன்கபூத்தில் ஏவப்பட்டிருக்கிறோம். பிள்ளைகளைச் சாத்தனூருக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கல்மரத்தை அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கட்டும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை "அல்லாஹ்வே அறிவான், தேடிப் படிப்போம்" என்று சொல்லுங்கள். பாங்கு சொன்னதும் அவர்களோடு தொழுகைக்கு நில்லுங்கள்.

வல்ல நாயன் நம் சந்ததிக்குப் பயனுள்ள கல்வியையும் அசையாத ஈமானையும் சேர்த்தே தந்தருள்வானாக! ஆமீன்.