சுமையைச் சுமக்க வேண்டியவர் யார்?

"ஆலையை மூடிவிட்டால் எங்கள் அடுப்பு எப்படி எரியும்?" என்று தொழிலாளி கேட்கிறார். "ஆலை இப்படியே ஓடினால் எங்கள் கிணறு என்னாவது?" என்று விவசாயி கேட்கிறார். பாலாற்றங்கரை ஊர்களில் நெடுங்காலமாக ஒலித்துவரும் இவ்விரு கேள்விகளில் எதனையும் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆனால், இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, இலாபம் கண்டவர் பேசாமல் ஒதுங்கி நின்றால் அது நியாயமாகுமா? அதையே இங்கு சிந்திக்க விரும்புகிறோம்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு முதலிய ஊர்களின் தோல் தொழிலில் நம் சமுதாயத்தவரின் பங்கு பெரிது. அத்தொழிலின் வருவாயால் பள்ளிவாசல்கள் எழுந்தன, மதரஸாக்கள் நடந்தன. அத்தகைய கொடையில் உண்டு ஓதியவர்கள் ஆலிம்களான நம்மிலும் உண்டு. ஆகவே, பிறரைப் பழிக்கும் நோக்குடன் இதனை எழுதவில்லை.

முன்னாளில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டார்கள். 1970களில், முழுமையாகப் பதனிட்ட தோலையே ஏற்றுமதி செய்யுமாறு அரசு ஊக்குவித்தது. குரோமியம் முதலிய இரசாயனங்களின் உபயோகம் பெருகியது. அந்நியச் செலாவணி நாட்டுக்கு வந்தது. கழிவுநீர் ஆற்றுக்கும் வயலுக்கும் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28ல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் ஆய்வை எடுத்துக் காட்டியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2001ல் இழப்பீட்டு ஆணையம் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கிட்டது. ஆயினும், இழப்பீட்டைக் கொடுக்குமாறு அதே உச்சநீதிமன்றம் 2025 ஜனவரி 30ல் மீண்டும் ஆணையிட நேர்ந்தது!

ஏன் இத்தனை தாமதம்? மாற்றம் வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. அதன் செலவு யாருடையது என்னும்போதுதான் அரசியல் புகுந்துவிடுகிறது. சுத்திகரிப்புச் செலவு கட்டாது என்கிறார் ஆலைக்காரர். விலையைக் கூட்டித் தர வெளிநாட்டு வியாபாரிக்கு மனமில்லை. அரசாங்கமோ ஏற்றுமதியையும் வாக்குகளையும் எண்ணிப் பார்க்கிறது. இறுதியில், குரலற்றவர் தலையில் சுமை இறங்குகிறது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் நடந்ததை மறக்க முடியுமா? கழிவுநீரைச் சுத்தம் செய்ய அமைந்த நிலையத்திலேயே தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த ஏழைகளே அவர்களில் பெரும்பாலோர்.

ஃபிக்ஹு கலையில் ஒரு பொதுவிதி உண்டு: ஒன்றின் ஆதாயம் எவருக்கோ, அதன் பொறுப்பும் அவருக்கே. இவ்விதியின்படி, ஆதாயத்தின் அளவுக்கு ஏற்பவே சுமையையும் பங்கிட வேண்டும். முதலில் ஆலை உடையவர். அவருடன் மலிவு விலைக்கு வாங்கிய வியாபாரியும், ஊக்குவித்த அரசும். தினக்கூலி பெற்றவருக்கு இதில் பொறுப்பில்லை. ஆலை நின்றால் அவருக்கு வேறு பிழைப்புத் தேடித் தருவதும் அம்மூவரின் கடமையேயாகும்.

"நாங்கள் ஜகாத் கொடுக்கிறோமே, பள்ளிவாசல் கட்டித் தந்தோமே" என்று சிலர் கூறலாம். அல்லாஹ் அவற்றை ஏற்றுக்கொள்வானாக! ஆனால், கொடை வேறு; கடன் வேறு. உரியவர் இன்னாரென்று தெரிந்திருக்கும்போது, அவருக்குச் சேர வேண்டியதை மற்றவருக்குத் தர்மம் செய்தால் கடன் தீராது. இங்கோ உரியவர் யாரென்பது ஊர் ஊராகக் கணக்கிடப்பட்டுள்ளது!

தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் மறுமையில் வரும் ஒருவன், பிறருக்குச் செய்த அநீதியால் தன் நன்மைகளையெல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பான். அவனே உண்மையில் திவாலானவன் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை, அத்தனை கடுமையானது. ஒருவருடைய கிணற்றைக் கெடுப்பது அதில் சேராதா?

இதைச் சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு. கொடை பெறும் நிர்வாகிகள் ரசீது எழுதுமுன், "அண்டை நிலத்தாரின் பாக்கி தீர்ந்ததா?" என்று பணிவுடன் கேட்கட்டும். கேட்டால் நன்கொடை குறையலாம். குறைந்தாலும் பரவாயில்லை, பள்ளிவாசலின் சுவர் தாழ்வாக இருப்பதால் தொழுகைக்குக் குறையொன்றுமில்லை.

பிறர் உரிமையைச் சுமந்துகொண்டு தன் சன்னிதியில் நிற்கும் நிலையிலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.