எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துவது சமத்துவமாகுமா?

மைசூரில் தேவராஜ மொஹல்லாவின் கடைவீதியில் ஒரு நாழிகை நின்று செவிகொடுத்தால் நான்கைந்து மொழிகள் காதில் விழும். கன்னடம் ஊர்மொழி, அதனோடு தமிழும் உருதும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலிக்கும். சந்தையில் இக்கலப்பினால் எவருக்கும் நஷ்டமில்லை. வெற்றிலைக் கட்டின் விலையை விரலைக் காட்டியும் பேசி முடித்துக்கொள்ளலாம். ஆனால், துக்கத்தை விரலைக் காட்டிச் சொல்ல இயலாது. மனம் நொந்த ஒருவர் வைத்தியரின் முன் சென்று அமரும்போதுதான், மொழியும் மதமும் சாதியும் எத்துணை உயரமான மதில்கள் என்பது விளங்குகிறது.

எம் தெருவில் ஒரு தமிழ் மூதாட்டி இருந்தார். மகன் இறந்து ஓராண்டு கழிந்தும் அவருக்கு உறக்கமில்லை, உணவும் செல்லவில்லை. கன்னடம் சரளமாகப் பேச வராதாகையால், 12 வயதுப் பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு வைத்தியரிடம் சென்றார். “வயிறு பத்தி எரியுது” என்றார் மூதாட்டி. பேரன் அதனைச் சொல்லுக்குச் சொல் கன்னடத்தில் கூறினான். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை கிடைத்தது. மகனைப் பறிகொடுத்த தாய் வயிறு எரிகிறது என்றால் அஃது எவ்வகை எரிச்சல் என்பதைத் தமிழறிந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அன்றியும், அச்சிறுவன் இறந்தவருடைய பிள்ளை. தந்தையை இழந்த குழந்தையின் வாய்வழியாகவே தம் புத்திர சோகத்தை அவர் எங்ஙனம் எடுத்துரைப்பார்?

அவ்வைத்தியர் தீயவரல்லர். ஏனையோருக்குக் கொடுத்த நேரத்தையும் மருந்தையுமே இவருக்கும் கொடுத்தார். எல்லோரையும் ஒன்றுபோல் நடத்தினார். அதுவே குறையாயிற்று.

ஈண்டு ஒரு தர்மக் கேள்வி எழுகின்றது. சாதி, மதம், மொழி என்னும் வேற்றுமைகளைக் கருதாமல் மனிதரை மனிதராகப் பார்க்க வேண்டும் என்பதே நம் கொள்கை. அங்ஙனமாயின், “உம் சமூகம் யாது? உம் மார்க்கம் யாது? அவற்றால் நீர் பட்ட துன்பம் யாது?” என்று வைத்தியர் வினவுவது அக்கொள்கைக்கு மாறன்றோ? வேற்றுமையைக் காணாதிருப்பது சமநோக்கா? கண்டு அதற்கேற்ப நடப்பது சமநோக்கா?

முதலில், காணாதிருப்பதன் விளைவைப் பார்ப்போம். சாதியின் பெயரால் அலுவலகத்தில் நாள்தோறும் அவமதிக்கப்படும் ஓர் இளைஞர் மனச்சோர்வுற்று ஆலோசகரிடம் செல்வதாகக் கொள்வோம். “எனக்குச் சாதி வேற்றுமை கிடையாது, நீங்களும் அதை மறந்துவிடுங்கள்” என்கிறார் ஆலோசகர். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட சொல்லே அது. ஆயினும் அதனால் நேர்வது யாது? வெளியிலிருந்து வந்த காயம், மறக்கத் தெரியாதவரின் உட்குறையாக மாறிவிடுகின்றது. மற்றோர் ஆலோசகர், “கோயிலுக்குச் சென்று ஓர் அர்ச்சனை செய்து வாருங்கள், மனம் தேறும்” என்கிறார். தம்மத்தைத் தழுவிய ஓர் உபாசகரின் முன்னோர் எந்த வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டனரோ, அந்த வாயிலையே அவருக்கு மருந்தாகக் காட்டுவதை அவர் அறியார். அறியாமைக்குத் தீய எண்ணம் தேவையில்லை. கேளாமை ஒன்றே போதும்.

இனி, மறுபுறத்துப் பிழையும் உண்டு. நோயாளர் இன்ன சமூகத்தவர் என்று அறிந்தவுடனே அவருடைய துக்கம் முழுவதும் அதனால் விளைந்ததே என்று முடிவுசெய்வாரும் உளர். அவர் வந்தது மனைவியோடு ஏற்பட்ட மனவேற்றுமையைப் பற்றிப் பேசுவதற்காக இருக்கலாம். பௌத்தர் என்று கேட்டவுடன், “உங்களுக்குத் தியானம் இருக்கிறதே” என்று கூறி அனுப்புவதும் இவ்வகையே. முன்னவர் கூட்டத்தைப் பாராமல் மனிதரை இழந்தார். பின்னவர் கூட்டத்தை மட்டும் பார்த்து மனிதரை இழந்தார்.

இவ்விரு பிழைகளுக்கும் நடுவே வழி உண்டு என்பதற்கு ஒரு சரித்திரச் சான்று காட்டுவோம். பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த அல்ஜீரியாவில், பிளிதா நகரத்து மனநோய் மருத்துவமனைக்கு 1953-இல் பிரான்ஸ் ஃபனோன் என்னும் வைத்தியர் சென்றார். அவர் மார்த்தினீக் தீவில் பிறந்த கறுப்பினத்தவர். கூட்டங்கள், பத்திரிகை, கைத்தொழில் முதலிய புதிய சிகிச்சை முறைகளை அவர் கையாண்டபோது, ஐரோப்பியப் பெண் நோயாளர்கள் தேறினர். முஸ்லிம் ஆண் நோயாளர்களிடம் அம்முறைகள் பலிக்கவில்லை. ஃபனோன் நோயாளர்மீது பழி சுமத்தவில்லை. ஐரோப்பியருக்கென வகுத்ததை அவ்வாறே மற்றவர்மீது திணித்தது தம் பிழை என்று உணர்ந்தார். பின்பு அவர்களுக்குப் பழக்கமான காப்பிக்கடை ஒன்று அமைத்தார், அவர்தம் பண்டிகைகளைக் கொண்டாடச் செய்தார், கதைசொல்லியை வரவழைத்தார். அத்தோல்வியை மறைக்காமல் 1954-இல் எழுதியும் வெளியிட்டனர் அவரும் அவருடைய உதவியாளரும். ஃபனோன் முஸ்லிமும் அல்லர். அரபு மொழி அறிந்தவரும் அல்லர். ஆதலின், ஒரே சமூகத்தவரே ஒருவர்க்கொருவர் சிகிச்சை செய்ய வேண்டும் என்பதன்று இதன் கருத்து. கற்றுக்கொள்ளும் கடமை நோயாளருடையதன்று, வைத்தியருடையது என்பதே கருத்து.

இக்கடமையை இன்று பிறரும் ஏற்றுள்ளனர். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேட்டில், நோயாளரின் பண்பாட்டுச் சூழலை அறிதற்கென 16 வினாக்கள் சேர்க்கப்பட்டன. உம் துன்பத்தை உம் வீட்டார்க்கு எப்பெயரிட்டுச் சொல்வீர், அதற்குக் காரணம் யாதெனக் கருதுகின்றீர் என்னும் போக்கில் அவை செல்கின்றன. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதம், பண்பாடு, சாதி, பாலினம், பாலியல் நாட்டம் முதலியவற்றால் வேறுபாடு காட்டாமல் சிகிச்சை பெறும் உரிமையை வழங்குகின்றது. அச்சிகிச்சை நோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஏற்புடைய விதத்தில் அமைய வேண்டும் என்றும் கூறுகின்றது.

ஈண்டு நம்மவருள் ஒருவர் பகவானின் நச்சம்பு உவமையை எடுத்துக்காட்டி மறுக்கலாம். எய்தவன் எக்குலத்தான், எவ்வூரான் என்று அறியாமல் அம்பைப் பிடுங்க விடேன் என்றவன், அறிவதற்கு முன்பே இறப்பான் என்பதன்றோ அவ்வுவமை? ஆகவே குலத்தைப் பற்றிய விசாரணை எதற்கு? இது சிந்திக்கத்தக்க மறுப்பே. ஆனால், சிகிச்சையைத் தடுக்கும் பொருட்டுக் கேட்கும் கேள்வி வேறு. சிகிச்சையின் பொருட்டுக் கேட்கும் கேள்வி வேறு. அம்பு எங்குத் தைத்தது, எவ்வளவு ஆழம், முனையில் என்ன நஞ்சு என்று வினவாத வைத்தியர் அதனை எங்ஙனம் பிடுங்குவார்? அவமதிப்பும் ஒரு நஞ்சே. பகவான் விலக்கியது பயனற்ற கேள்வியை. காருண்யத்தினால் எழும் கேள்வியை அன்று.

அன்பர்களே, வைத்தியரைக் குறைகூறுவதோடு நம் கடமை தீரவில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய்களால் வருந்துவோருள் 100-க்கு 85 பேர் சிகிச்சை பெறவில்லை. அவர்களுள் நம் வீட்டாரும் இருக்கலாம். “எல்லாம் வினைப்பயன், பொறுத்துக்கொள்” என்று நாமே வாயடைத்த மகனோ மருமகளோ இல்லையா? சிறுபான்மையோராகிய நமக்குள்ளேயே நாம் சிறுபான்மையாக்கி ஒதுக்கிய பிள்ளைகள் இல்லையா? நமக்கு மறுக்கப்பட்ட செவியை அவர்களுக்கு நாம் மறுத்தல் தகுமா?

நம்மால் இயன்றவை சில உள. மொழி தெரியாதவருடன் மருத்துவமனைக்குச் செல்லும்போது குழந்தையை அனுப்பாமல், விவரமறிந்த பெரியவர் ஒருவர் உடன் செல்லலாம். அவர் சொல்லின் பொருளை மாற்றாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். தம் உபதேசத்தை அதில் கலத்தல் கூடாது. கேட்டதை வெளியே சொல்லுதலும் கூடாது. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் ஆலோசனை பெறலாம் என்பதை வீடுதோறும் சொல்லலாம்.

அம்மூதாட்டியின் செய்தி அறிந்தபின், எம் தெருவிலுள்ள பெண்மணி ஒருவர் வேறோர் ஆலோசகரிடம் அவரை அழைத்துச் சென்றார். “வயிறு எரிகிறது” என்று மூதாட்டி கூறியதும், “அம்மா, எந்த நாள் முதல்?” என்று கேட்டுச் சொல்லுமாறு வேண்டினார் அந்த ஆலோசகர். மகன் இறந்த நாளைச் சொன்னார் மூதாட்டி. சொல்லி, முதன்முறையாக அழுதார். கன்னடம் மட்டுமே அறிந்த அந்த ஆலோசகர் செய்தது, ஒரு கேள்வி கேட்டு விடைக்காகக் காத்திருந்தது ஒன்றே. சமத்துவம் அங்கிருந்துதான் தொடங்குகின்றது.