இடியாத கூடத்தின் இடிபாடு

சீடன்: குருவே, பாரிஸில் லூவ்ர் அரண்மனையின் பெருங்கூடம் இன்றும் நிற்கிறது. ஓவியர் ஹூபேர் ரொபேர் 1796-இல் அது இடிந்து கிடப்பதாக வரைந்தார். கண்ணால் காணாததை வரைவது பொய்யாகாதா?

குரு: ஓவியத்தில் கண்டதை முதலில் சொல்.

சீடன்: கூரை வளைவு விழுந்து வானம் தெரிகிறது. இடிபாட்டுக்கு நடுவே சிலர் தீ மூட்டியிருக்கிறார்கள். அப்பல்லோ சிலை மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. ஒருவன் அதன் முன் உட்கார்ந்து, அதைப் பார்த்து வரைகிறான்.

குரு: அறிவு வரும் வழிகளாகக் காட்சி, கருதல், உரை என்று மூன்றைச் சொல்வார்கள். இந்த ஓவியம் காட்சியில் அடங்காது, கருதலில் அடங்கும். ரொபேர் 1754 முதல் 1765 வரை ரோமில் இருந்தவர். பேரரசை ஆண்டவர்கள் கூடிய மன்றத்தில் அப்போது மாடு மேய்ந்தது. புகையைக் கண்டவன் தீயை அறிகிறான். விழுந்த ரோமைக் கண்டவர் பாரிஸின் முடிவை அறிந்தார்.

சீடன்: அவருக்கு மூத்தவரான பனீனி, கொலோசியத்தையும் பாந்தியனையும் ஒரே ஓவியத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினாரே! ரோமில் எங்கே நின்றாலும் அப்படித் தெரியாதே?

குரு: அந்தக் கட்டடங்களெல்லாம் பனீனி கண்டவை; சேர்த்து வைத்தது மட்டுமே கற்பனை. அவர் இடத்தை மாற்றினார். ரொபேர் காலத்தை மாற்றினார்.

சீடன்: ஒன்று இடிக்கிறது, ஐயா. கூரையே விழுந்தபோது அப்பல்லோ மட்டும் உடையாமல் நிற்பதைக் கருதல் என்று எப்படி ஏற்பது?

குரு: ஏற்காதே. அது ஓவியரின் ஆசை. கருதலையும் ஆசையையும் நீ பிரித்துப் பார்த்தது சரி. ஆனால் சிலை முன் அமர்ந்து வரைகிறவனைப் பார். ரோமின் இடிபாடுகளுக்கு நடுவே ரொபேரும் அப்படித்தான் அமர்ந்து வரைந்தார். விழுந்த ரோம் அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. விழும் பாரிஸும் ஒருவனுக்குப் பள்ளிக்கூடம் ஆகும் என்று எண்ண அவருக்கு அனுபவமே ஆதாரம்.

சீடன்: எல்லாம் விழும் என்று தெரிந்தபின் எதற்காகக் கட்ட வேண்டும்?

குரு: ரொபேர் அந்த அரண்மனையில் அமைந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களில் ஒருவர். அதே 1796-இல் அதே கூடத்தை இன்னொரு ஓவியத்தில், செப்பனிட்டுச் சீராக்கிய நிலையில் காட்டினார். சுவரிலுள்ள படங்கள் நன்றாகத் தெரிய, கூரையைத் திறந்து கண்ணாடி பதிக்கலாம் என்பது அதிலுள்ள யோசனை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார். இரண்டிலும் வெளிச்சம் மேலிருந்துதான் இறங்குகிறது. ஒன்றில் காலம் கூரையைத் திறந்தது. மற்றதில் மனிதன் திறக்கிறான்.

சீடன்: அழிவை எண்ணிய மனமே ஆக்கத்தையும் எண்ணியதா!

குரு: ஆம். கூடம் நிலைக்காது என்று தெரிந்தும், இன்று வருகிறவனுக்கு அங்கே வெளிச்சம் வேண்டும் என்று அவர் கவலைப்பட்டார். நிலையாமையை அறிந்தவன் வேலையைக் கைவிட வேண்டியதில்லை. தன் வேலை சிதைந்த பிறகும் அதன் எதிரே ஒருவன் உட்கார்ந்து கற்கும்படி, அதைச் செம்மையாகச் செய்ய வேண்டும்.