கொடுத்தவர் யார், கொடுக்கப்பட்டது யாருடையது?

விட்டுக்கொடுப்பவனுக்கும் காட்டிக்கொடுப்பவனுக்கும் தமிழில் ஒரே துணைவினைதான்: கொடு. முன்னவன் நல்லவன், பின்னவன் துரோகி என்று சின்ன வயசிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கொடுக்கப்படுவது யாருடைய பொருள் என்று கேட்கப் பழக்குவதில்லை. ஸ்காட்லாந்தின் பழைய சட்டச் சொற்களைப் படிக்கும்போது இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

தன் உரிமையை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுப்பவர் அங்கே 'சீடென்ட்'. இன்றும் புழங்கும் சொல். கடனில் மூழ்கி நொடித்துப்போனவர் 'டைவர்'. இருக்கும் சொத்து முழுவதையும் கடன் கொடுத்தவர்களிடம் ஒப்படைத்தால் சிறையிலிருந்து வெளியே வரலாம். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் அதற்கு இன்னொரு விலையும் இருந்தது: மஞ்சள் தொப்பியோடு எடின்பரோ சந்தைச் சதுக்கத்தில் எல்லோரும் பார்க்க உட்கார வேண்டும். நம்மூரில் திவாலானவரை 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்' என்கிறோம். தற்செயல்தான், ஆனாலும் அந்த மஞ்சள் கொஞ்சம் உறுத்துகிறது.

அவமானப்படுத்தத் தயங்காத அதே சட்டம் வேறோர் இடத்தில் ஆச்சரியமான அக்கறை காட்டியது. மிரட்டலுக்குப் பயந்து எழுதிக்கொடுத்த பத்திரம் செல்லாது. மணமான பெண் தன் நில உரிமையை விட்டுக்கொடுத்தால், நீதிபதி முன் வந்து, யாரும் தன்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று சத்தியம் செய்து அதை உறுதிப்படுத்தலாம். அப்போது கணவன் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. அவன் கண்முன்னால் அவள் சொல்லும் 'சம்மதம்' சம்மதமாக இருக்காது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இப்போது இன்னொரு சொல்: 'டிலேட்'. கணினியில் நாம் அழுத்தும் டிலீட் இல்லை. ஒருவர் மேல் குற்றம் சொல்லி அதிகாரத்திடம் பெயர் கொடுப்பது. 1590இல் கெய்லிஸ் டங்கன் என்ற வேலைக்காரப் பெண்ணை அவளுடைய எஜமானரே சூனியக்காரி என்று சந்தேகித்து, விரல்களை நசுக்கும் கருவியால் வதைத்தார். அவள் பெயர்களைச் சொன்னாள். அந்தப் பெயர்கள் வழக்காகின. 1597இல் மார்கரெட் எய்ட்கன், கண்ணைப் பார்த்தே சூனியக்காரிகளைக் கண்டுபிடிப்பேன் என்று சொல்லித் தன் உயிரைத் தள்ளிப்போட்டாள். ஊர் ஊராக அழைத்துப்போனார்கள். அவள் கைகாட்டியவர்கள் செத்தார்கள். ஒருநாள் குற்றவாளி என்றவர்களையே மறுநாள் உடை மாற்றி நிறுத்தியபோது நிரபராதி என்றாள். பொய் அம்பலமானது, உயிர்கள் திரும்பவில்லை.

நிலத்தைக் கொடுக்கும்போது 'பயமுறுத்தினார்களா?' என்று கேட்ட நாடு, அடுத்தவர் உயிரைக் கொடுக்கும்போது அதைக் கேட்கவில்லை. மாறாக, பயத்தை அதுவே ஏற்பாடு செய்தது. ஏன்? நிலம் கைமாறும்போது வாங்குபவர் பெரும்பாலும் வேறு யாரோ. பெயர் கைமாறும்போது வாங்குபவரே அதிகாரம்தான்.

காட்டிக்கொடுப்பது எல்லாமே பாவம் என்று சொல்லவில்லை. கொலையைப் பார்த்தவர் வாய் திறக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் தன் பாதுகாப்பைக் கொடுத்துச் சாட்சி சொல்கிறார். எய்ட்கன் தன் பாதுகாப்புக்காகப் பிறர் உயிரைக் கொடுத்தாள். இரண்டும் ஒன்றில்லை. அவளை மட்டும் துரோகி என்று சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. அந்தப் பேரத்தை மேசைமேல் வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

யாராவது யாரையாவது காட்டிக்கொடுத்தார் என்று கேள்விப்பட்டால், அந்தப் பழைய நீதிபதியின் கேள்வியையே கேட்கலாம்: இவர் பேசும்போது அறைக்குள் வேறு யார் இருந்தார்கள்?